வடிகால் வயலில் நைட்ரேட் இழப்பைக் குறைக்க: மரச்சில்லுக் குழியா, கரைப்பட்டையா, மதகா, மூடுபயிரா?

நிலத்தடி வடிகால் குழாய் பதித்த வயலிலிருந்து நைட்ரேட் ஓடிப்போவதைக் குறைக்க எது நல்லது என்று கேட்டால், பதில் பெரும்பாலும் ஒரு சதவீதமாகத்தான் வரும். மரச்சில்லுக் குழிக்கு 43. அறுவடைக்குப் பின் வெறும் நிலத்தை மூட விதைக்கும் ரை என்ற தானியப் பயிருக்கு, அதாவது ரை மூடுபயிருக்கு, 31. மதகு வைத்த வடிகாலுக்கு 33. ஓடைக் கரையில் விட்டுவைக்கும் புல் பட்டைக்கு, அதாவது கரையோரப் பட்டைக்கு, 91. அமெரிக்காவின் அயோவா மாநிலம் 2013-இல் வெளியிட்ட ஊட்டச்சத்து இழப்புக் குறைப்புத் திட்டத்தில் உள்ள சராசரிகள் இவை. எண்களில் தவறில்லை. அவற்றை ஒரே வரிசையில் வைத்து எது பெரியது என்று பார்ப்பதில்தான் தவறு இருக்கிறது.

91 என்பது கரை மண்ணின் உயிர்ப்புள்ள பகுதி வழியே உண்மையில் கடந்துபோன நீருக்கு மட்டும் பொருந்தும். குழாயிலிருந்து நேராக ஓடையில் விழும் நீருக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. 33 என்பது வெளியேறும் நீரின் அளவு குறைந்ததால் வந்த எண். வெளியேறும் நீரின் செறிவு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். 31 மட்டுமே வயல் முழுவதிலிருந்தும் வரும் நீரின் செறிவைக் குறைத்து வந்தது. ஆகவே எந்த வழியைப் பற்றியும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: என் வயல் நீரில் எத்தனை பங்கு இதன் வழியாகப் போகும்?

முதலில் கிலோவில் கணக்கு

ஒரு ஹெக்டேருக்கு எத்தனை கிலோ நைட்ரஜன் போகிறது என்று பார்க்க எளிய கணக்கு உண்டு. ஆண்டில் வடியும் நீரை மில்லிமீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள்; அதை லிட்டருக்கு எத்தனை மி.கி. நைட்ரேட்-நைட்ரஜன் என்பதால் பெருக்கி, 100-ஆல் வகுங்கள். 250 மி.மீ. வடிந்து, செறிவு 16 மி.கி. என்றால் 40 கிலோ. 20 ஹெக்டேர் வயலுக்கு 800 கிலோ. யூரியாவாக நினைத்துப் பார்த்தால் 1,700 கிலோவுக்கு மேல். கீழே வரும் ஒப்பீடு எல்லாம் இந்த 800 கிலோ வயலை வைத்துத்தான்.

அளக்கும்போது ஒரு குழப்பம் அடிக்கடி நேரும். சில சோதனைத் தாள்களும் ஆய்வகங்களும் ‘நைட்ரேட்’ அளவைத் தரும். வேறு சில ‘நைட்ரேட்-நைட்ரஜன்’ அளவைத் தரும். முதலாவது இரண்டாவதைப் போல 4.43 மடங்கு. அமெரிக்கக் குடிநீர் வரம்பான 10 மி.கி. என்பது நைட்ரேட்-நைட்ரஜன்; உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 50 மி.கி. என்பது நைட்ரேட். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான். அறிக்கையில் எது என்று பார்க்காமல் கணக்குப் போட்டால், மொத்தத் திட்டமும் நான்கு மடங்கு பிசகிவிடும்.

உரத்தைக் குறைத்தால் போதாதா?

தேவைக்கு மேல் போடுகிறவர்கள் குறைக்கத்தான் வேண்டும். அது செலவில்லாத முதல் வேலை. ஆனால் அதிலிருந்து பெரிதாக எதிர்பார்க்கக் கூடாது. அயோவா தொகுப்பில் உர அளவைச் சரிசெய்வதற்குக் கிடைத்த சராசரி 10 சதவீதம். இலையுதிர் காலத்தில் போடுவதை வசந்தத்துக்கு மாற்றுவதற்கு 6. உரத்தின் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்தும் நைட்ரிஃபிகேஷன் தடுப்பானுக்கு 9.

காரணம் மண்ணிலேயே இருக்கிறது. கரிமப் பொருள் 4 சதவீதம் உள்ள மண்ணில், ஒரு ஹெக்டேரின் மேல் 30 செ.மீ. அடுக்கில் மட்டும் சுமார் 8,000 கிலோ நைட்ரஜன் கட்டுண்டு கிடக்கும். ஆண்டுக்கு அதில் 2 சதவீதம் கரைந்தாலே 160 கிலோ. நாம் உரம் போட்டாலும் போடாவிட்டாலும் அந்த நைட்ரேட் உருவாகத்தான் செய்யும். அறுவடைக்குப் பிறகு, அடுத்த பயிரின் வேர் கீழே இறங்கும் வரை, அதை எடுத்துக்கொள்ள ஆளில்லை. குளிர்நாட்டு மக்காச்சோளம்–சோயா வயல்களில் குழாய் நிறைந்து ஓடுவதும் இந்த இடைவெளியில்தான், பெரும்பாலும் பனி உருகிய பின் வசந்தத்தில். அதனால்தான் மூடுபயிர் அல்லது குழாய் முனையில் ஒரு வேலை என்று பேச வேண்டியிருக்கிறது.

குழாய் முனையில் நைட்ரேட்டை அகற்றும் வேலைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. ஆக்சிஜன் தீர்ந்த இடத்தில், சாப்பிடக் கார்பன் கிடைத்தால், சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டின் ஆக்சிஜனை எடுத்து மூச்சுவிடும். மிஞ்சுவது நைட்ரஜன் வாயு. இதற்கு நேரமும் வெதுவெதுப்பும் வேண்டும். வடிகால் குழாய் செய்வது இதற்கு நேர்மாறு. ஈரமான, கார்பன் நிறைந்த கரை மண்ணைச் சுற்றிவந்து, நீரைச் சில மணி நேரத்தில் ஓடையில் சேர்த்துவிடுகிறது.

மரச்சில்லுக் குழி

டீநைட்ரிஃபை செய்யும், அதாவது மேலே சொன்னபடி நைட்ரேட்டை வாயுவாக்கும், பயோரியாக்டர் என்று இதற்குப் பெயர்; செயலில் இது மரச்சில்லு நிரப்பி மண் மூடிய பெரிய பள்ளம். மேல்முனையில் ஒரு மதகுப் பெட்டி (பலகைகளை அடுக்கியும் கழற்றியும் நீர்மட்டத்தை மாற்றும் பெட்டி) குழாய் நீரின் ஒரு பகுதியைப் பள்ளத்துக்குள் திருப்பும். கீழ்முனையில் இன்னொரு பெட்டி நீர்மட்டத்தைப் பிடித்து வைக்கும். வெள்ளம் வரும்போது மிகையான நீர் மேல்பெட்டிப் பலகைக்கு மேலாக வழிந்து, பழைய குழாயிலேயே ஓடைக்குப் போய்விடும். இந்த வழிநீரைத்தான் விளம்பரப் படங்களில் காட்டுவதில்லை.

நம் 20 ஹெக்டேருக்குக் கணக்குப் பார்ப்போம். குழாய் அமைப்பு நாளுக்கு 10 மி.மீ. வடிக்கும் திறன் கொண்டது என்றால், உச்ச ஓட்டம் நாளுக்கு 2,000 கனமீட்டர். பள்ளம் 30 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம்; 180 கனமீட்டர் சில்லு. சில்லுகளுக்கு இடையிலும் உள்ளும் சேர்த்து 70 சதவீதம் நீர் நிற்கும் என்றால் 126 கனமீட்டர். நீர் 6 மணி நேரம் தங்க வேண்டும் என்று வைத்தால், நாளுக்கு 504 கனமீட்டர்தான் உள்ளே விட முடியும். உச்ச நாளில் முக்கால் பங்கு நீர் வெளியே வழியும்.

அகற்றும் வேகம் ஒரு கனமீட்டர் சில்லுக்கு நாளுக்கு 2 முதல் 22 கிராம் வரை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நீர் குளிரக் குளிர வேகம் குறையும். வெப்பம் 10 டிகிரி இறங்கினால் ஏறக்குறைய பாதியாகும். குளிர் வசந்தத்தை மனதில் வைத்து 5 கிராம் என்று எடுப்போம். ஆண்டில் 200 நாள் ஓடினால் 180 கிலோ. 800-இல் 22 சதவீதம். சராசரியான 43 வர வேண்டுமானால் பள்ளம் பெரிதாக வேண்டும், அல்லது வயல் சிறிதாக வேண்டும், அல்லது நீர் வெதுவெதுப்பான மாதங்களில் ஓட வேண்டும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் சில்லில்தான். தூளும் மண்ணும் கலந்த சில்லு ஓரிரு ஆண்டில் அடைத்துக்கொள்ளும். 2 முதல் 3 செ.மீ. அளவில், சலித்தெடுத்த, மருந்து ஏற்றாத மரமாக இருக்க வேண்டும். பட்டையும் இலையும் சேர்ந்த தோட்டக் கழிவு வேண்டாம். மக்காச்சோளத் தக்கை வேகமாக நைட்ரேட் அகற்றும் என்பது உண்மைதான். அதே வேகத்தில் கரைந்து, பள்ளத்தின் மேல்மண் உள்வாங்கிவிடும். சில்லின் மேல் துணி விரித்து, அதன் மேல் 30 செ.மீ. மண்ணை நடுவில் சற்று மேடாக்கி மூட வேண்டும். சில்லு உட்கார உட்கார மேடு சமமாகும். தொடக்கத்திலேயே சமமாக மூடினால் மூன்றாம் ஆண்டில் மழைநீர் தேங்கும் குழி ஒன்று கிடைக்கும். டிராக்டர் அதன் மேல் போகக் கூடாது.

முதல் சில வாரங்களில் தேநீர் நிறத்தில் நீர் வரும். சில்லிலிருந்து கரையும் கரிமப் பொருளும் கொஞ்சம் பாஸ்பரஸும் அதில் இருக்கும். ஓட்டம் மிகக் குறைந்த கோடையில் முதல் நிரப்பலைச் செய்து சிறு ஓடையில் விட்டால் மீன்களுக்கு ஆகாது. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. நீரை அளவுக்கு மேல் தங்கவிட்டால் நைட்ரேட் தீர்ந்துபோய், பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டைப் பிடித்துக்கொள்ளும். அழுகிய முட்டை நாற்றம் அதற்கான அறிகுறி. ஓட்டம் குறைந்த நாளில் கீழ்ப்பெட்டிப் பலகை ஒன்றைக் கழற்றி நீரை விரைவுபடுத்துங்கள். அந்தப் பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்க்காதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு மூக்கை மரக்கவைத்த பிறகும் கொல்லும்.

ஆயுள் 10 முதல் 15 ஆண்டு. பிறகு சில்லை எடுத்து மாற்ற வேண்டும். பெட்டிகளும் குழாயும் மீண்டும் பயன்படும்.

நீரூட்டிய கரைப்பட்டை

ஓடைக் கரையில் ஏற்கெனவே புல்பட்டை இருந்தால் இதை முதலில் பார்க்கச் சொல்வேன். குழாய் நேராக ஓடையில் விழும் இடத்துக்குச் சற்று முன் ஒரு மதகுப் பெட்டி. அதிலிருந்து ஓடைக்கு இணையாகப் புல்பட்டையின் மேல்விளிம்பில் 75 செ.மீ. அளவு ஆழத்தில் துளைக் குழாய் ஒன்று நீள்கிறது. பெட்டிப் பலகை நீர்மட்டத்தை உயர்த்த, நீர் துளைகள் வழியே மண்ணுக்குள் ஊறி, கரை வழியே மெல்ல ஓடைக்குக் கசிகிறது. மண்ணே வடிகட்டி, கார்பனைப் புல்வேர் ஆண்டுதோறும் தருகிறது. மாற்ற வேண்டிய சில்லு இல்லை.

அயோவாவின் பேர் கிரீக் ஓடைக் கரையில் 2010-இல் டான் ஜேன்ஸும் டாம் ஐசன்ஹார்ட்டும் இதை முதலில் அமைத்துப் பார்த்தபோது, குழாய் நீரில் சுமார் 55 சதவீதம் கரை மண்ணுக்குள் போனது. அப்படிப் போன நீரிலிருந்த நைட்ரேட் ஓடையை எட்டவில்லை. அந்த 55-ஐ நினைவில் வையுங்கள். நம் வயலில் பாதி நீர் ஊறி, அதில் 85 சதவீதம் அகன்றால் 340 கிலோ. மரச்சில்லுக் குழியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதுவும் குறைந்த தோண்டல் வேலையில்.

ஆனால் இடம் அமைய வேண்டும். பட்டை அகலம் குறைந்தது 9 மீட்டர். துளைக் குழாய்க்கு நீளம் வேண்டும். கரை மண் எவ்வளவு நீரை விடும் என்பதைப் பொறுத்து 100 மீட்டரும் போதும், 300-ம் போதாமல் போகும். கட்டும் முன் கை ஆகர் (கையால் திருகி மண்ணைத் துளையிடும் கருவி) கொண்டு கரை நெடுகிலும் 20, 30 மீட்டருக்கு ஒன்றாக, ஓடையின் அடிமட்டம் வரை துளையிட்டுப் பாருங்கள். மேலே கரிய மண், கீழே நீரை எளிதில் விடாத களிமண் என்றால் அமைப்பு வேலை செய்யும்: நீர் கரிய அடுக்குக்குள்ளேயே நகரும். கீழே மணலோ சரளையோ தட்டினால் விட்டுவிடுங்கள். நீர் அந்த அடுக்கைப் பிடித்து, கார்பனைத் தொடாமலேயே ஓடைக்கு ஓடிவிடும். பெட்டியில் பார்த்தால் எல்லாம் அருமையாக ஊறுவதாகத் தெரியும்; கரைக்கு வெளியே நைட்ரேட் குறையாமல் வந்துகொண்டிருக்கும்.

கரை உயரமும் செங்குத்தும் இன்னொரு தடை. இரண்டரை மீட்டருக்கு மேல் உயர்ந்த, ஏற்கெனவே சரிந்துகொண்டிருக்கும் கரைக்கு நீரூட்டினால் சரிவு விரைவாகும். துளைக் குழாயை ஒட்டி மரம் வளரவிட்டால் வேர் உள்ளே புகுந்து அடைக்கும், புல்லே போதும். பெட்டியில் பலகையை எவ்வளவு உயர்த்தலாம் என்பதைத் தீர்மானிப்பது வயலின் மிகத் தாழ்ந்த இடம். அதைச் சமமட்டக் கருவி வைத்து அளக்காமல் பலகை போட்டால், முதல் மழையில் பக்கத்து வயல்காரர் வந்து நிற்பார்.

மதகு வைத்த வடிகால்

செயல் எளிது. கிளைக் குழாய்கள் சேரும் இடத்தில் பெட்டி, அதில் பலகைகள். அறுவடை முடிந்ததும் பலகையை நிலமட்டத்துக்கு 15 முதல் 30 செ.மீ. கீழ் வரை ஏற்றுவது. உழவுக்கு இரண்டு வாரம் முன் கழற்றுவது. விதைத்து மேலுரம் போட்ட பின் 45, 60 செ.மீ. ஆழத்தில் நிறுத்தி ஈரத்தைப் பிடிப்பது. வசந்தத்தில் எல்லாப் பலகையையும் ஒரே நாளில் பிடுங்காமல், ஒன்றிரண்டாக எடுங்கள். குழாய் முனையில் கரை அரிப்பது குறையும்.

தடை சரிவு. ஒரு பெட்டி 30 செ.மீ. உயர வேறுபாட்டை நன்றாகப் பார்த்துக்கொள்ளும். 60 வரை நீட்டலாம். 0.2 சதவீதச் சரிவில் 30 செ.மீ. என்பது 150 மீட்டர். 0.5 சதவீதத்தில் 60 மீட்டர். 1 சதவீதத்தில் 30 மீட்டருக்கு ஒரு பெட்டி; அதைக் கேட்டாலே ஆசை போய்விடும். பழைய குழாய்கள் சரிவோடு கீழ்நோக்கிப் பதிக்கப்பட்டிருந்தால், பெட்டி வைத்தும் பயன் வயலின் ஒரு மூலையோடு நின்றுவிடும். நம் 20 ஹெக்டேரில் பாதிதான் அதன் ஆளுகைக்குள் வந்தால், 33 சதவீதம் என்பது 130 கிலோவாகச் சுருங்கும்.

குழாயில் வராத நீர் காணாமல் போவதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். ஒரு பகுதி பக்கவாட்டில் கசிந்து வாய்க்காலைத் தேடும். மண் நிறைந்திருந்தால் மழைநீர் மேற்பரப்பில் ஓடி, பாஸ்பரஸையும் இழுத்துச் செல்லும். பலகையை யார் எந்த வாரம் மாற்றுவார் என்று முடிவு செய்யாத வயலுக்கு இது வேண்டாம். ஆளில்லாத மதகு, திறந்து கிடந்தால் பயனில்லை. மூடிக் கிடந்தால் பயிர் அழுகும்.

மூடுபயிர்

மற்ற எல்லா வழியும் நைட்ரஜனைக் காற்றில் விடுகின்றன, அல்லது வேறு பாதைக்குத் தள்ளுகின்றன. மூடுபயிர் ஒன்றுதான் அதை வயலிலேயே வைக்கிறது. கரை, சரிவு, ஓடை எதுவும் தேவையில்லை. வாடகை நிலத்திலும் முடியும். குளிர் தாங்கும் ரையை ஹெக்டேருக்கு 60 முதல் 70 கிலோ விதைக்கருவியால் ஊன்றினால், நன்றாக வளர்ந்த ஆண்டில் 31 சதவீதம், அதாவது நம் வயலில் 250 கிலோ. அறுவடை தாமதமாகி, விதைத்த சில நாளிலேயே உறைபனி வந்த ஆண்டில் இதில் பாதியும் தேறாது. நிற்கும் பயிருக்குள் மேலிருந்து தூவினால் முன்கூட்டியே முளைக்கும். ஆனால் அந்த வாரம் மழை வர வேண்டும், விதையும் கூடுதலாக வேண்டும்.

மக்காச்சோளத்துக்கு முன் ரை விட்டால் சிக்கல் உண்டு. முற்றிய ரையின் வைக்கோல் மட்கும்போது மண்ணின் தழைச்சத்தை (நைட்ரஜனை) தனக்கு இழுத்துக்கொள்ளும், இளம்பயிர் வெளுக்கும். சாகும் ரை வேரிலிருந்து வேரழுகல் பூஞ்சைகளும் தொற்றும். 15, 20 செ.மீ. உயரத்தில், விதைப்புக்கு 10 முதல் 14 நாள் முன்பே அழித்துவிட்டு, விதைப்போடு 30 முதல் 50 கிலோ தழைச்சத்தை அடியுரமாகக் கொடுத்தால் இது அடங்கும். அது கூடுதல் உரமல்ல. மொத்த அளவிலிருந்து முன்னால் எடுத்துத் தருவது. சோயாவுக்கு முன் இத்தனை கவலை இல்லை. பழக்கமில்லாதவர்கள் சோயாவுக்கு முன்னால்தான் தொடங்க வேண்டும்.

ஈரநிலம்

நிலம் விட்டுக்கொடுக்க முடிந்தால், பெரிய வடிநிலத்துக்கு இதற்கு ஈடில்லை. 200 ஹெக்டேருக்கு மேற்பட்ட பகுதியின் நீர் ஒரே வாய்க்காலில் சேரும் இடத்தில், அந்தப் பரப்பில் 0.5 முதல் 2 சதவீத அளவுக்கு, பெரும்பகுதி ஒரு மீட்டருக்கும் குறைந்த ஆழத்தில் அமைத்தால் 40 முதல் 70 சதவீதம் குறையும். வசந்த வெள்ளத்தையும் வாங்கிக்கொள்ளும். நம் 20 ஹெக்டேர்க்காரர் தனியாக இதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. அந்தப் பரப்பு வரும் அளவுக்கு அண்டை வயல்காரர்கள் பலர் சேர்ந்தால் யோசிக்கலாம்.

எதை எடுப்பது

கரையில் 9 மீட்டர் பட்டை இருக்கிறது, துளையிட்டதில் சரளை தட்டவில்லை என்றால் நீரூட்டிய கரைப்பட்டை. ஓடை இல்லை, குழாய் ஊர்ப் பொது வடிகாலில் சேர்கிறது, வயல் 20 ஹெக்டேருக்குள், மேல்பெட்டிக்கும் கீழ்ப்பெட்டிக்கும் இடையே 30 செ.மீ.க்கு மேல் சரிவு கிடைக்கிறது என்றால் மரச்சில்லுக் குழி. தட்டை நிலம், பக்கத்திலேயே குடியிருக்கும் விவசாயி என்றால் மதகு. குத்தகை நிலம், அல்லது குழாய் வரைபடமே கிடைக்காத பழைய வயல் என்றால் மூடுபயிரைத் தவிர வேறெதிலும் காசைப் போடாதீர்கள். வரைபடமில்லாமல் பெட்டி வைத்து, பாதி நீர் வேறொரு மறந்துபோன குழாயில் வெளியேறிக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கிற விஷயம்.

இரண்டைச் சேர்க்கலாம், ஆனால் சதவீதங்களைக் கூட்டாதீர்கள். மூடுபயிர் 31 எடுத்த பின் மிஞ்சுவது 69. அதில் குழி 43 சதவீதம் எடுத்தால் மொத்தம் 61 சதவீதம்தான், 74 அல்ல. மூடுபயிரும் கரைப்பட்டையும் நல்ல ஜோடி: முன்னது எல்லா நீரின் செறிவையும் குறைக்கிறது, பின்னது வழிந்துபோகாத பாதியைச் சுத்தமாக்குகிறது. மதகுக்குக் கீழே மரச்சில்லுக் குழி வைப்பதும் பொருந்தும். உச்ச ஓட்டம் தணிவதால் வழிநீர் குறையும்.

அமைத்த பின் மாதிரி எடுக்க மூன்று இடங்கள்: உள்ளே வரும் நீர், வெளியேறும் நீர், வழிந்தோடும் நீர். மூன்றாவதற்கு அளவும் வேண்டும். பலகையின் மேல் எத்தனை செ.மீ. உயரத்தில் நீர் வழிகிறது என்று குறித்தால் ஓட்டத்தைக் கணக்கிட்டுவிடலாம். குழாய் ஓடும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒன்றும், பெருமழைக்கு அடுத்த நாள் ஒன்றும் எடுங்கள். பாட்டிலை விளிம்பு வரை நிரப்பி, பனிக்கட்டியில் வைத்து, இரண்டு நாளுக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். காரில் வெயிலில் கிடந்த பாட்டிலுக்குள்ளும் அதே பாக்டீரியாக்கள் வேலை செய்யும். அமைப்பு செய்யாததை அவை செய்துகாட்டிவிடும்.